அச்சு நட்டில் வைத்த சந்தனம்

கோயில் வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களின் பின்சக்கரத்தை நகத்தால் சுரண்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. நல்ல பழக்கம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சுங்கைப் பட்டாணி டவுனில் ஒரு வெள்ளிக்கிழமை அப்படித்தான் குந்தி உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒரு மோட்டாரின் அச்சு நட்டில் அப்பியிருந்த சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். சொந்தக்காரி வந்துவிட்டாள். கையில் அர்ச்சனைத் தட்டு.

"அங்கிள், என்னா செய்றீங்க? சாமி சந்தனம்லா அது."

"உள்ள பின்னு இருக்கான்னு பாக்குறேம்மா."

அவளும் குனிந்தாள். "இருக்கா?"

"இருக்கு."

அவள் தட்டிலிருந்தே ஒரு துளி சந்தனம் எடுத்து, நட்டுக்கு நாலு விரல் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன். போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. ஏன் என்று கேட்டாள். பெயர் காயத்ரி. குருண் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை. அங்கே மோட்டாரில் வருகிற ஒவ்வொருவரும் காலையில் கைப்பேசியில் வரிசையாகப் பொத்தான் அழுத்த வேண்டுமாம்: டயர் சரி, பிரேக் சரி, விளக்கு சரி. அழுத்தினால் கட்டம் பச்சையாகும்.

"எல்லாரும் பச்சையாத்தான் அனுப்புறாங்க அங்கிள். அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னாள். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. அடங்கியிருந்தால் நான் இன்னமும் பிறர் சக்கரங்களைச் சுரண்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

போன வருடம் அறுபது வயதில் ஓய்வு கொடுத்தார்கள். புக்கிட் செலம்பாவைத் தாண்டி உள்ளே போகும் ஒரு செம்பனைத் தோட்டம். அதன் பட்டறையில் மோட்டார் ஃபிட்டர். அதற்கு முன் படித்தது கொஞ்சம். டவுனில் ஒரு சீனர் கடையில் மூன்று வருடம் டயர் கழற்றியது, இரண்டு வருடம் எஞ்சின் திறந்தது. கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். எல்லார் கையிலும் படிகிற கறுப்பு என் கையிலும் படிந்தது.

தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர்களுக்கும் கணக்கெழுதும் கிராணிகளுக்கும் கம்பெனி மோட்டார் கொடுத்திருந்தார்கள். எல்லாம் சின்ன காப்சாய் வண்டிகள். டவுன் வண்டிக்கு மழை ஒன்றுதான் எதிரி. தோட்டத்து வண்டிக்கு மழை, செம்மண், விழுந்து கிடக்கும் மட்டை, வேர், உரத்தின் உப்பு. ஒரு வண்டி பட்டறைக்கு வந்தால் அது ஓடிய இடத்தை அதன் உடம்பிலிருந்தே படிக்கலாம். ஆற்றோரம் ஓடியது சங்கிலியில் சேற்று வாசம் கொண்டுவரும். மலையில் ஓடியது பிரேக்கைத் தின்றிருக்கும். உரம் சுமந்தது மெல்ல மெல்ல வெளிறியிருக்கும், நீண்ட காய்ச்சலில் கிடந்தவர் முகம் போல.

பட்டறைக்குப் பொறுப்பாளர் நசீர். என்னைவிட எட்டு வயது இளையவர். டவுனில் அவர் அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கடை. கல்லாவில் உட்காரப் பிடிக்காமல் டிப்ளோமா படித்து இரும்பிடம் வந்தவர். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒரு வேலை பிடிக்கவில்லை என்றால் அந்த வண்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொள்வார். பேசமாட்டார். நாம் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் பார்க்கும் இடத்தையே நாமும் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் நமக்கே தெரிந்துவிடும். அப்போது எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, "டீ குடிப்போமா அண்ணே?" என்பார். திட்டு அவ்வளவுதான். வாங்கியவனுக்கு அன்று முழுக்கக் காது சுடும்.

அவர் கொண்டுவந்த முறை ஒன்று உண்டு. காயத்ரி, இதை மட்டுமாவது பலகையில் ஒட்டுங்கள்.

பின்சக்கரம் ஓர் இரும்புத் தண்டின் மேல் சுற்றுகிறது. அதுதான் அச்சு. அதன் முனையில் ஒரு நட்டு, கோட்டைச் சுவர் போலப் பல் வெட்டியது. அச்சின் முனையில் குறுக்காக ஒரு துளை. நட்டை முறுக்கி, அதன் பல்லிடுக்கும் துளையும் நேர்கோட்டில் வந்ததும், இரண்டு கால் கொண்ட ஒரு கம்பிப் பின்னை அதில் நுழைத்து, ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் மடக்கிவிட வேண்டும். கோட்டர் பின் என்போம். நீளம் சுண்டுவிரலில் பாதி இருக்காது. நட்டு எவ்வளவு அதிர்ந்தாலும் பின்னோக்கிச் சுழலவிடாமல் பிடித்து நிறுத்துவது அந்தக் கம்பிதான்.

துளையும் பல்லும் நேராக வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும். தளர்த்தி நேராக்கக் கூடாது. கழற்றிய பின்னை மறுபடி போடக் கூடாது. ஒருமுறை மடங்கிய கம்பி இரண்டாவது முறை மடங்கும்போது உள்ளே உடைய ஆரம்பித்திருக்கும். இது எல்லாப் பட்டறையிலும் உள்ளது. நசீர் சேர்த்தவை இரண்டு. மாட்டியவன் பார்த்தால் போதாது. இன்னொருவர் வந்து நட்டின் மேல் கட்டை விரலை வைத்து, பின்னின் இரண்டு காலையும் தடவிப் பார்த்து, நட்டிலிருந்து சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைவரை மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுக்க வேண்டும். நட்டு ஒரு நூல் நகர்ந்தாலும் கோடு உடைந்துவிடும்; எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அந்த இன்னொருவர் பெரும்பாலும் அவரே. இரண்டாவது, மாட்டியவன்தான் முதலில் ஓட்ட வேண்டும். பட்டறையிலிருந்து எடை மேடைவரை போய்த் திரும்ப வேண்டும். தான் மாட்டிய சக்கரத்தின் மேல் தன் உடம்பை வைத்துவிட்டு வர வேண்டும். பிறகுதான் கையெழுத்து.

மூன்று பூட்டு: பின், கோடு, ஓட்டம். மூன்றையும் ஒரே காலையில் ஒரு சந்தனக் கிண்ணம் திறந்துவிட்டது.

தனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் ஒரே பெண் மண்டோர். உரம் போடும் பெண்களை விடியற்காலைப் பிரட்டில், பெயர் கூப்பிடும் களத்தில், சேர்த்து, மலைக்கு அழைத்துப்போய், மாலையில் இறக்கிக் கொண்டுவருவாள். மோட்டாரை ஆண்கள் ஓட்டுவதைவிட மெதுவாக ஓட்டுவாள். அதனால் அவள் வண்டி பட்டறைக்கு வருவதே குறைவு. அவள் புருஷன் ராஜு கிட்னி கெட்டு வாரம் மூன்று நாள் டவுனுக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டியவர். பஸ் நிற்கும் சாலைவரை தனம்தான் கொண்டுபோய் விடுவாள். அவள் ஓட்ட, அவர் பின்னால். வண்டியைக் கிளப்புமுன் பின்சீட்டை இரண்டு தட்டுத் தட்டுவாள், ஏறு என்று. அதைப் பார்த்து லயத்து வீடுகளில் சிரிக்காதவர்கள் இல்லை. ராஜுவே சிரிப்பார். "எம்பொண்டாட்டி மண்டோரு. நான் அவ கேங்குல ஒரு ஆளு," என்பார்.

நான் சொன்ன அந்தக் காலை வந்த வருடம், தையில் ராஜு இறந்துபோனார்.

புரட்டாசியில் ஆயுத பூசை வந்தது. எங்கள் பட்டறையில் அது தீபாவளிக்கு ஒரு படி மேல். டிராக்டர், தண்ணீர் லோரி, மோட்டார், ஸ்பானர் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக நிறுத்துவோம். பூசாரி வருவார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், நெற்றி விளக்கில் குங்குமம். வண்டிக்கு வண்டி பொட்டு வைக்கிற வேலை என்னுடையது. முன்சக்கரத்தின் அச்சில் ஒன்று, பின்சக்கரத்தின் அச்சில் ஒன்று, சந்தனத்தைக் குழைத்துக் கட்டியாக அப்பி நடுவில் குங்குமம். ஏன் அச்சில் என்று யாரும் கேட்டதில்லை. சக்கரத்துக்கு முகம் அங்கேதான் இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றியது.

அந்தக் காலை பிரேக் கட்டைகள் தாமதமாக வந்தன. முந்தின நாளே முடிந்திருக்க வேண்டிய வேலை பூசை நாளுக்கு இழுத்துக்கொண்டது. கடைசி வண்டி தனத்துடையது. அவள் பட்டறை வாசலில் நின்றுகொண்டு, தன் வண்டியை வரிசையில் வைக்க வேண்டாம் என்றாள். வீட்டில் தீட்டு, வருஷம் திரும்பவில்லை, ஓரமாக வைத்துவிடுங்கள் என்றாள்.

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால்தான் விளையாட்டாகப் பேசினேன்.

"மோட்டாரு கம்பெனியோடது தனம். கம்பெனிக்கு என்னா தீட்டு?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஒன்பது மாதத்தில் அப்போதுதான் பார்த்தேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

பின்சக்கரத்தை ஏற்றி, நட்டைக் கையால் சுழற்றி, ஸ்பானரில் பாதி இறுக்கினேன். கடைசி இறுக்கு பின் நுழைக்கும்போதுதான் கொடுப்பது. பெட்டியிலிருந்து புதுப் பின் ஒன்று எடுத்தேன். பூசாரி வந்துவிட்டார் என்று வெளியிலிருந்து குரல். பின்னை நீலச் சட்டைப் பையில் போட்டேன். உடம்பு கழுவி, வேட்டிக்கும் வெள்ளைச் சட்டைக்கும் மாறினேன். உடுப்பை மாற்றினால் மனசும் கூடவே மாறிவிடுகிறது. இதை எந்தப் பாதுகாப்புக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது யாரோ தனத்தின் வண்டியை வரிசைக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். கழுவித் துடைத்து மின்னியது. என் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். வரிசையாக வைத்துக்கொண்டே வந்தேன். அவள் வண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே அப்பினேன். ராஜுவை நினைத்துக்கொண்டேன்.

சுத்தமான டயரில் மறுபடி செம்மண் ஒட்டக் கூடாதென்று அன்று எந்த வண்டியையும் எடை மேடைவரை ஓட்டவில்லை.

நசீர் பூசைக்கு எப்போதும் காலணியைக் கழற்றிவிட்டு வெளியே மாமரத்தடியில் நிற்பார். சுண்டல் பொட்டலம் முதலில் அவருக்குத்தான் போகும். முடிந்த பிறகு கையெழுத்துத் தாளோடு உள்ளே வந்தார். வண்டி வண்டியாகக் குனிந்து பார்த்ததை நான் பார்த்தேன். கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் காலை, பதினாலாம் நம்பர் மலையிலிருந்து உரம் அளக்கும் கிண்ணங்களோடு இறங்கிக்கொண்டிருந்தாள் தனம். நட்டு கழன்று எங்கோ விழுந்திருக்கிறது. அச்சு ஒரு பக்கம் நகர, சக்கரம் கோணியது. சங்கிலி பல்லை விட்டு வெளியே வந்து இறுகிச் சிக்கி, சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. வண்டி அவளை இழுத்துக்கொண்டு சரிந்தது. கணுக்கால் ஒடிந்தது. புகைக்குழாய் கெண்டைக்காலைச் சுட்டது. பின்னால் நடந்து வந்த பெண்கள் தூக்கியிருக்கிறார்கள். மெதுவாக ஓட்டுகிறவள் என்பதால் உயிரோடு இருக்கிறாள்.

செய்தி வந்தபோது நான் பூசை நாளிலிருந்து ஆணியில் தொங்கிய நீலச் சட்டையைப் போய்ப் பார்த்தேன். ஏன் போனேன் என்று தெரியாது, கால் போனது. பையில் கை விட்டேன். பின் அங்கே இருந்தது, இரண்டு காலும் மடங்காமல், நேராக, புதுசாக.

யாரிடமும் சொல்லவில்லை.

மேலிடத்திலிருந்து ஆள் வந்து பார்க்கும்வரை வண்டியைத் தொடக் கூடாது என்று உத்தரவு. நசீர் அதைக் கொட்டகையில் வைத்துப் பூட்டினார். அதற்குள் லயத்தில் காரணம் தயாராகிவிட்டது. அஞ்சலை அக்காதான் முதலில் சொன்னது. அவர் வீடு குழாயடிக்குப் பக்கம், அதனால் சொல் தண்ணீரைவிட வேகமாகப் போகும். தீட்டு வீட்டு வண்டியைச் சாமி முன்னால் நிறுத்தினால் சாமி சும்மா இருக்குமா என்று கேட்டார். புருஷன் போன வருஷத்தில் பொட்டு ஒரு கேடா என்று இன்னொருத்தி கேட்டாள். தனத்தின் கேங்கில் வேலை செய்த இரண்டு பெண்கள் வேறு மண்டோரிடம் மாற்றிவிடச் சொல்லி ஆபீசுக்கே போய்விட்டார்கள். நான் குழாயடியைத் தாண்டி நடந்தேன், சட்டைப் பையில் பின்னோடு.

டவுன் ஆஸ்பத்திரிக்கு மைலோ டின்னும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போனேன். கால் கட்டோடு உயரத் தூக்கிக் கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"யாரு மேலயும் தப்பு இல்லண்ணே. நாந்தான் தீட்டுக்காரி. அன்னிக்கே வேணாம்னேன். நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க, எனக்குத்தான் ஆசை வந்துருச்சு."

காலை ஊன்ற முடிந்ததும் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு குருணில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடப் போவதாகச் சொன்னாள். இனி மோட்டாரைத் தொடமாட்டாளாம். தன்னால் வேறு யாருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாதாம்.

பின் என் பையில்தான் இருந்தது. எடுத்துக் கட்டிலில் வைத்திருந்தால் போதும். நான் ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன். நாரைக்கூட விடாமல் ஒவ்வொன்றாக எடுத்தேன். என் வேலை வாழ்க்கையில் நான் செய்த மோசமான வேலை பின்னை மறந்தது இல்லை. அந்த ஆரஞ்சை உரித்ததுதான்.

தனம் விழுந்த எட்டாம் நாள் மேலிடத்து ஆள் வருவதாகச் செய்தி வந்தது. அவர் வருமுன் நசீர் கொட்டகையைத் திறந்தார். என்னைக் கூப்பிடவில்லை. நான் பார்த்தபோது தனத்தின் வண்டிப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் பார்த்த இடத்தைப் பார்த்தேன்.

அச்சின் முனையில் நட்டு இல்லை. துளை இருந்தது. துளைக்குள் சந்தனம் இருந்தது. காய்ந்து, இறுகி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை அடைத்திருந்தது. பின் இருந்து உடைந்திருந்தால் துளையில் கம்பித் துண்டு இருக்கும், கீறல் இருக்கும். சந்தனம் அப்பும்போதே துளை காலி என்று அந்தச் சந்தனமே சொல்லிக்கொண்டிருந்தது. அவ்வளவு சின்ன எழுத்தில் அவ்வளவு தெளிவாக எழுதிய ஒன்றை நான் படித்ததில்லை.

நசீர் டீக்குக் கூப்பிடவில்லை. தன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எல்லா வண்டியிலயும் இந்த வெரல வைப்பேன் அண்ணே. அன்னிக்கு வைக்கல, கோடும் இழுக்கல. நீங்க பொட்டு வச்சிட்டீங்க. அத கலைக்க எனக்கு மனசு வரல."

சாமிக்கு வைத்ததை வேறு மதத்தவன் விரல் விட்டுக் கலைப்பதா என்று தயங்கியிருக்கிறார். எங்கள் மேல் இருந்த மரியாதையால் தவறியிருக்கிறார். சந்தனத்துக்கு அடியில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் அதைக் குற்றமாகத் தன் தலையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறந்தவர் அவரல்ல, நான். பையிலிருந்து பின்னை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். எட்டு நாள் என் உடம்புச் சூட்டில் இருந்த கம்பி.

அவர் அதை உருட்டிப் பார்த்தார். "எப்பலேர்ந்து தெரியும்?"

"அவ விழுந்த அன்னிக்கே."

அப்போதாவது கத்தியிருக்கலாம். கத்தவில்லை. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். தாளில் இரண்டு கையெழுத்து இருக்கிறது, அதனால் இரண்டு பேரும் போவோம் என்றார். முதலில் மேலிடத்துக்கா என்று கேட்டேன். "மொதல்ல அவங்ககிட்ட," என்றார்.

மறுநாள் காலை அவர் காரில் போனோம். கட்டிலருகே நசீர் நின்றுகொண்டார்; நான்தான் சொல்ல வேண்டும் என்று நின்ற நிற்பிலேயே தெரிந்தது. சொன்னேன். பின்னைக் காட்டினேன். அது எங்கே நுழையும், எப்படி மடங்கும், எப்படி மறந்தேன், எத்தனை நாள் மறைத்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். நசீர் தன் பங்கைச் சொன்னார். தனம் பின்னைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது வேறு.

"ஒம்பது நாளா நான் அவரத் திட்டிக்கிட்டுக் கெடந்தேண்ணே. இருந்தப்பவும் சொமந்தேன், செத்தும் என்னெ விடமாட்டியான்னு. தெனம் திட்டுனேன்." பின் இருந்த கையை மூடிக்கொண்டாள். "பாவம்ணே. அவரு ஒண்ணுமே பண்ணல."

ஒடிந்த காலுக்கு அழாதவள் அதற்கு அழுதாள். நசீர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குத் திரும்ப இடமில்லை.

அழுது முடித்து முகத்தைத் துடைத்தபோது அவள் மறுபடி மண்டோராகியிருந்தாள்.

"எங்கிட்ட சொன்னது பத்தாதுண்ணே. பெரட்டுல சொல்லுங்க."

மேலிடத்து ஆளிடம் சொல்வது சுலபமாக இருந்தது; அவர் எழுதிக்கொண்டார், எனக்கும் நசீருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பிரட்டு அப்படி இல்லை. விடியற்காலை, பனி இறங்கிய களத்தில் எல்லாரும் வரிசையில். முப்பது வருடமாக என்னை அண்ணே என்று கூப்பிட்டவர்கள். அச்சைக் கழற்றிக் கொண்டுபோயிருந்தேன். துளையிலிருந்த சந்தனத்தை எடுக்கவில்லை. அதைத் தூக்கிக் காட்டி, தனத்தின் வீட்டுச் சாவு அவளைத் தள்ளிவிடவில்லை, என் மறதி தள்ளிவிட்டது என்றேன். இன்னும் நீளமாக எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். அதற்குமேல் வரவில்லை. அச்சு கையிலிருந்து கையாக வரிசை முழுக்கப் போனது. ஒவ்வொருவரும் துளையைப் பார்த்தார்கள்.

அஞ்சலை அக்காவிடம் வந்தபோது நெடுநேரம் நின்றது.

"அப்ப சந்தனமே வைக்கக் கூடாதுங்கிறியா?"

"வைக்கலாம்க்கா. நட்டுல மட்டும் வேணாம்."

"பின்னு மாட்டத் தெரியல, சந்தனத்துக்கு எடம் சொல்ல வந்துட்டாரு," என்று சொல்லி அச்சை அடுத்தவரிடம் தள்ளினார். களத்தில் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்புக்கு நான் இன்றும் கடன்பட்டவன். அன்று மத்தியானமே அஞ்சலை அக்கா கோழி சூப் வைத்து எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினார் என்று கேள்விப்பட்டேன். மன்னிப்பு என்ற சொல்லை அவர் வாயில் யாரும் கேட்டதில்லை. மாற்றல் கேட்ட இரண்டு பெண்களும் தனம் வரும்வரை காத்திருப்பதாக ஆபீசில் போய்ச் சொன்னார்கள்.

அவள் வந்தாள். நான்கு மாதம் ஆனது. படி இறங்கும்போது ஒரு கால் கொஞ்சம் யோசிக்கும்.

அடுத்த ஆயுத பூசைக்கு வேலை முந்தின நாளே முடிந்தது. பூசை நாள் காலை எல்லாருக்கும் முன்னால் நசீர் வந்தார். காலணியை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒவ்வொரு நட்டிலும் கட்டை விரலை வைத்து, ஒவ்வொன்றிலும் மஞ்சள் கோடு இழுத்தார். பூசாரி அவர் முடிக்கும்வரை வாசலில் காத்திருந்தார். அதற்கு முன் எந்த வருடமும் அப்படி நடந்ததில்லை. அதற்குப் பிறகு எந்த வருடமும் அப்படி நடக்காமல் இருந்ததில்லை. சக்கரத்துக்கு உண்டான பொட்டு மட்கார்டுக்கு ஏறியது. யார் எந்த உடுப்பில் நின்றாலும் எடை மேடைவரை ஓட்டிவிட்டு வந்த பிறகே சந்தனம். டயர் அழுக்கானால் மறுபடி கழுவிக்கொள்ளலாம். என்னிடம் கிண்ணத்தைக் கொடுக்க வந்தவர்களிடம் அதைத் தனத்திடம் கொடுக்கச் சொன்னேன். அவளுக்கு வருஷம் திரும்பியிருந்தது.

வரிசையாக வைத்துக்கொண்டே வந்தாள். கடைசியாகத் தன் வண்டியிடம் வந்து நின்றாள். கணுக்கால் மடங்காததால் குந்த முடியவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"பின்னு எங்கண்ணே?"

காட்டினேன். மேலே ஒரு கால், கீழே ஒரு கால். விரலால் இரண்டையும் தடவிப் பார்த்தாள். அவசரப்படவில்லை. பிறகு நிமிர்ந்து, விளக்கில் ஒரு பொட்டு, மட்கார்டில் ஒரு பொட்டு. கிண்ணத்தில் மிச்சமிருந்ததை வழித்துப் பின்சீட்டின் ஓரத்தில் ஒன்று வைத்தாள்.

காலையில் எடை மேடைவரை ஓட்டிவிட்டு வந்தது நான்தான் என்றேன். எலுமிச்சம்பழத்தை நான் நசுக்கித் தரட்டுமா என்று கேட்டேன். "நானே ஓட்டுறேண்ணே," என்றாள். ஏறி உட்கார்ந்தாள். கை தானாகப் பின்னால் போய் சீட்டை இரண்டு தட்டுத் தட்டியது. யாரும் சிரிக்கவில்லை. நசீர் மாமரத்தடியில் சுண்டல் பொட்டலத்தைப் பிரிக்காமல் நின்றார்.

வண்டி பழத்தை நசுக்கிக்கொண்டு நகர்ந்தது. நான் பின்சக்கரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். டயர் சுற்றியது, கம்பிகள் சுற்றி ஒன்றாகக் கலந்து மின்னின. நடுவில் அந்த மஞ்சள் கோடு மட்டும் அசையவில்லை.